மாத்திரையை ஐந்தாம் நாள் நிறுத்தாதீர்கள்

“ரத்தம் கொறச்சல்னு மாத்திரை குடுத்தாங்க டாக்டர். அஞ்சு நாளு போட்டேன், ஒண்ணும் தெரியல. கறுப்பா வேற வெளிய போச்சு, விட்டுட்டேன்.” ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்பக்கத்து அக்காமார்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள்.

ஐந்து நாளில் தெரியாது, அக்கா. சிவப்பணு பிறப்பது நெஞ்செலும்பு, இடுப்பெலும்பு, முதுகெலும்புகளுக்குள் இருக்கும் சிவப்பு மஜ்ஜையில். அங்கே ஒரு தாயணு பலமுறை பிரிந்து, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு ரத்தத்தில் இறங்குகிறது. இதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பிறகு சுமார் 120 நாள் உழைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ‘மூன்று மாதச் சர்க்கரை’ பார்ப்பதும் இந்த ஆயுளை வைத்துத்தான். செம்பனைக் கன்றை நட்ட மாதமே யாரும் குலை தேடுவதில்லையே. ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரும்பு மாத்திரையை மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் கையிருப்பு நிறையும். மாத்திரையால் மலம் கறுப்பதில் ஆபத்தில்லை. மாத்திரை போடாமலே தார்போல் கறுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மஜ்ஜைக்குத் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இதில் பெரும்பங்கு செத்த அணுக்களிலிருந்தே திரும்பக் கிடைக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது 1, 2 மில்லிகிராம்தான். அதனால் எங்கேனும் ரத்தம் கசிந்தால் கணக்கு சீக்கிரம் இடிக்கும். பால்மரக் காலத்தில் வெறுங்காலில் ஏறிய கொக்கிப்புழு குடலில் உட்கார்ந்து ரத்தம் உறிஞ்சியே எத்தனையோ பேரை வெளுக்க வைத்தது. இன்று அதிகம் பார்ப்பது மாதவிடாய்ப் பெருக்கும் மூலமும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். வெறும் மாத்திரையோடு விடுவது புற்றுநோயைக்கூட மறைத்துவிடும்.

பசியாறும்போதே தே குடிக்கும் பழக்கத்தை மாற்றுங்கள். தேயிலைச் சாயம் இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையைக் கொய்யாவோடு அல்லது எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கலாம், பாலோடு வேண்டாம். கோல சிலாங்கூர்க் கரையில் கிடைக்கும் கெராங் சிப்பியில் இரும்பும் பி12-உம் நிறைய உண்டு. ஆனால் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், அரைவேக்காடு மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும்.

எல்லா ரத்தக்குறைவும் இரும்புக்குறைவு அல்ல. அணு பிரிய ஃபோலிக் அமிலமும் பி12-உம் வேண்டும். பம்பாயில் கர்ப்பிணித் தொழிலாளிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்த மருத்துவர் லூசி வில்ஸ், அது நம் வீட்டு மார்மைட்டால் தீர்வதை 1931-இல் எழுதினார். அதற்குள் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுபவர்களுக்கும் முழுச் சைவர்களுக்கும் பி12 குறையக்கூடும். கைகால் எரிச்சல், மரமரப்பு இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது சிறுநீரகம். அணுவை உண்டாக்கச் சொல்லி மஜ்ஜைக்கு உத்தரவு போடும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டால் உத்தரவு நின்றுபோகும். அங்கே கீரையும் மாத்திரையும் மட்டும் போதாது. தாலசீமியா மரபுள்ளவர்களுக்கோ இரும்பு போதுமானதாக இருந்தும் அணு சிறுத்தே இருக்கும். பிள்ளைக்குப் பள்ளியில் எடுத்த தாலசீமியாப் பரிசோதனை முடிவைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த முறை “ரத்தம் கொறச்சல்” என்றால், “எதனால் டாக்டர்?” என்று கேளுங்கள். முழு ரத்தப் பரிசோதனையோடு, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சிறுநீரகச் சோதனையும் தேவையா என்று கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி.