கொள்கையும் கொள்முதலும்

தொண்டு நிறுவனம் ஒன்று வணிக நிறுவனத்தோடு கைகோக்கலாமா? கோத்தால் தன் கொள்கை கரைந்துபோகாதா? இவ்வினா நம் அறக்கட்டளைகளுக்கும் கல்விச் சங்கங்களுக்கும் புதிதன்று. விடை காண, சூளகிரிப் பக்கத்தில் நடந்த ஒரு முயற்சியை நோக்குவோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது சூளகிரி. அதற்கு மேற்கே, கர்நாடக எல்லையை ஒட்டியது ஓசூர். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், தன் கைக்கடிகார ஆலையை அங்கே நிறுவியது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்குள்ள சிற்றூர்களில் மகளிர் குழுக்களை வளர்த்து வந்தது மைராடா என்னும் தொண்டு நிறுவனம். திபெத்திய அகதிகளின் மறுவாழ்வுக்காக 1968இல் தோன்றியது அது.

குழுச் சேமிப்பு அவசரக் கடனுக்கு உதவும். நிலையான வருவாய்க்குத் தொழில் வேண்டும். ஆலைக்கோ, கடிகாரச் சங்கிலிகளை இணைக்கும் நுண்பணிக்குப் பொறுமையுள்ள கைகள் வேண்டும். 1990களில் இவ்விரு தேவைகளும் சந்தித்தன. சிற்றூர்ப் பெண்கள் அப்பணியைக் கற்றுச் செய்யலாயினர். அப்பெண்களே பங்குதாரர்களாக 'மெடோ' என்னும் கம்பெனியும் உருவாயிற்று.

இதனின்று நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, வணிகரின் நியாயமான நிபந்தனைக்கு இணங்குதல் கொள்கைத் தளர்ச்சி ஆகாது. சரியாகப் பொருந்தாத சங்கிலியை இரக்கத்தின் பேரால் எவரும் அணியார். தரமும் நாள் தவறாமையும் தொண்டுக்கும் அணிகலன்களே.

இரண்டாவது, விட்டுக்கொடுக்கலாகாதது ஒன்றுண்டு, அது உரிமை. ஓர் ஒப்பந்தக்காரரின் கீழ்க் கூலியாட்களாக நின்றிருந்தாலும் அப்பெண்களுக்கு வேலை கிடைத்திருக்கும். கணக்கைக் கேட்கும் தகுதி கிடைத்திராது. கொள்கையை மேடைப் பேச்சில் வைப்பதினும் பங்குப் பத்திரத்தில் வைப்பது உறுதி.

மூன்றாவது, ஒரே கொள்முதலாளரை நம்பியிருத்தல் ஆபத்து. வடிவமைப்போ இயந்திரமோ மாறினால் கைவேலை நின்றுபோகும். ஆதலின் வேறு வாய்ப்புகளைத் தேடுவதும், ஈட்டியதில் ஒரு பகுதியைச் சேமத்துக்கு ஒதுக்குவதும் கடமையாம்.

துறவியர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம் என நம் நெறி பகுத்தது. அங்கு மாறியது அளவே, திசை மாறவில்லை. தொண்டு நிறுவனமும் அளவில் இணங்கலாம், திசையில் இணங்கலாகாது. அத்திசை யாதென்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எழுதி வைத்தல் நன்று. பணம் கண்முன் வந்தபின் நினைவு மங்கும்.

சிந்தனைக்கு:

1. நம் அறக்கட்டளைக் கடைகளை வாடகைக்கு விடுகையில், எவ்வளவு கூடுதல் தொகை தந்தாலும் நாம் மறுக்க வேண்டிய தொழில்கள் யாவை?

2. பெருந்தொகை தரும் நன்கொடையாளர், யாரைப் பள்ளியில் சேர்ப்பது என்பதையும் தாமே முடிவு செய்ய விரும்பினால், நம் விடை என்ன?

குடும்பத்தோடு அமர்ந்து இவற்றை ஆராய்வீர்களாக.