டாக்டரின் இரக்கம் தீர்ந்துபோகுமா?

ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எப்பலேர்ந்து வலி? சுகர் இருக்கா?" என்று கேட்டபடியே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார். 'சரியான கல்நெஞ்சுக்காரர்!' என்று மனசுக்குள் திட்டுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். பத்து நிமிஷத்துக்கு முன்னால், விபத்தில் சிக்கிய ஒரு பையன் அடுத்த கட்டிலில் இறந்திருக்கலாம். அதை அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கலாம்.

வருஷக்கணக்கில் இப்படி ஓடி ஓய்ந்துபோகும் நிலையை 'பர்ன் அவுட்' என்று 1974-ல் எழுதினார் நியூயார்க் உளவியல் நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இதை அளப்பதற்கான கேள்வித்தாளை 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்டார்கள். அதில் மூன்று விஷயங்கள் பார்க்கப்படுகின்றன. ஒன்று, மனசு வறண்டுபோகிற களைப்பு. இன்னொன்று, 'என்னத்தைச் செஞ்சு என்ன ஆச்சு' என்ற சலிப்பு. மூன்றாவதுதான் நம் கண்ணில் படுவது: நோயாளி மனுஷனாகத் தெரியாமல், 'ஏழாம் நம்பர் பெட் வயித்துவலி' ஆகிவிடுகிறார்! நத்தை ஓட்டுக்குள் போவதுபோல டாக்டரின் மனசு உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது.

இது ஒரு நோய் அல்ல. சரிவரச் சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆக, டாக்டரைத் தியானம் செய்யச் சொன்னால் மட்டும் போதாது. டூட்டி நேரத்தையும் ஆள் பற்றாக்குறையையும் நிர்வாகம்தான் சரிசெய்ய வேண்டும்.

"ரொம்ப இரக்கப்பட்டால் இந்தக் கதிதானா?" என்று கேட்பீர்கள். அப்படியில்லை. அடுத்தவர் வலியைத் தானும் சுமப்பது வேறு. 'இவர் நல்லாகணும்' என்று அக்கறைப்படுவது வேறு. ஓல்கா க்ளிமெக்கி, டானியா சிங்கர் குழுவினர் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. முதல் வகைப் பயிற்சி பெற்றவர்களுக்குத் துயரக் காட்சிகளைப் பார்த்தபோது வேதனை கூடியது. பிறகு அவர்களுக்கே இரண்டாம் வகைப் பயிற்சி தந்ததும் வேதனை குறைந்தது. மூளையில் வேறு பகுதிகள் இயங்கின. அவர்கள் டாக்டர்கள் இல்லைதான். ஆனாலும் யோசிக்க வேண்டிய விஷயம்.

கனடாவின் டொரண்டோ நகரில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். வீடில்லாதவர்களிடம் அன்பாக இருந்தால், 'தினமும் வந்து உட்கார்ந்துடுவாங்களே' என்று ஆஸ்பத்திரிகளில் ஒரு பயம் உண்டு. அங்கே ஓர் அவசரப் பிரிவுக்கு வந்த 133 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வழக்கமான சிகிச்சையோடு, தொண்டர்கள் கூடவே இருந்து கனிவு காட்டினார்கள். முடிவு 1995-ல் வெளியானது. கனிவு கிடைத்தவர்கள் திரும்பி வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது!

சரி, நம் பங்கு என்ன? அவசரப் பிரிவில் டாக்டரிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள். வலி ஆரம்பித்த நேரம், சாப்பிடும் மாத்திரைகள், அலர்ஜி — இதைத் தயாராக வைத்திருங்கள். 'நாங்கதானே முதல்ல வந்தோம்' என்று சண்டை வேண்டாம். அங்கே டோக்கன் வரிசை கிடையாது. மூச்சுத்திணறலோடு வந்தவரைப் பார்த்த பிறகுதான் விரல் வெட்டுப்பட்டவருக்குத் தையல் போடுவார்கள்.