நிமிடப் பரீட்சையும் நெடும்பாரமும்

கட்டடமொன்று எழும்புங்காலத்து அதன் கான்கிரீட்டின் வலிமையை அறிவது எளிது. குழைத்த கலவையிற் சிறிதெடுத்துக் கனசதுர அச்சில் வார்த்து, நீரில் ஊறவைத்து, 28 நாட்கள் சென்றபின் பொறியிலிட்டு நொறுக்கிப் பார்ப்பர். ஆயின், பல்லாண்டுகளுக்கு முன்னரே கட்டி முடிந்து மாந்தர் வழங்கிவரும் கட்டடத்தின் வலிமையை அறிவது எங்ஙனம்? உடைத்தாற் கட்டடம் கெடும். உடையாவிடின் உண்மை புலப்படாது. இவ்விடர்ப்பாட்டிற்குப் பொறியியலார் கண்ட வழிகளையும், அவற்றுள் ஒன்றில் மறைந்திருந்த குறையையும் ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, துள்ளற்சுத்தி. சுவிட்சர்லாந்து தேசத்து எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்பார் அமைத்தது இது. வில்லின் விசையால் மோதும் சிறு சுத்தி, கான்கிரீட் கடினமாயின் மிகுதியும் பின்துள்ளும்; மென்மையாயின் குறைந்து துள்ளும். எனினும் இஃது அறிவது மேற்றோலையே. ஆண்டுகள் செல்லச்செல்ல மேற்பரப்பு இறுகுமாதலால், இதனைக் கொண்டு கணித்த வலிமை பெரிதும் பிழைபடலாம். இரண்டாவது, செவிக்கெட்டா ஒலியலையை ஒரு பக்கத்திற் செலுத்தி மறுபக்கத்தில் ஏற்று, அதன் வேகத்தால் உள்ளிருக்கும் வெடிப்பையும் வெற்றிடத்தையும் உய்த்துணர்தல். மூன்றாவது, உருளை வடிவாய்த் துண்டமொன்றைக் குடைந்தெடுத்து நொறுக்குதல். 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரநூற்படி, இத்துண்டங்களின் சராசரி வலிமை உரிய கனசதுர வலிமையில் 85 விழுக்காட்டிற் குறைதலாகாது; தனித்தொரு துண்டமும் 75 விழுக்காட்டிற் குறைதலாகாது.

இனி, கான்கிரீட்டிற் பதித்த நங்கூர ஆணிகளின் பரீட்சையைக் காண்போம். துளையிட்டுப் பசை வார்த்து ஆணியை நிறுத்தியபின், நீரழுத்தப் பொறியால் அதனை இழுப்பர். தாங்கவேண்டிய பாரத்தினும் மிகுந்த இழுப்பைச் சில நிமிடம் தாங்கிற்றாயின் தேறியதாகக் கொள்வர். இந்நம்பிக்கை பொய்த்த இடம் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம். ஆங்குச் சாலைச் சுரங்கமொன்றில், கான்கிரீட் பலகைகளாலாகிய உள்விதானத்தை எபாக்சி என்னும் பசையிற் பதித்த ஆணிகளால் தொங்கவிட்டிருந்தனர். 1999-ஆம் ஆண்டிலேயே ஆணிகள் சில தம்மிடத்தினின்றும் நழுவியமை காணப்பட்டது. அவற்றை மாற்றி, மீண்டும் இழுத்துப் பார்த்தனர்; தாங்கின. சுரங்கம் 2003-இல் திறக்கப்பட்டது. 2006 ஜூலை 10-ஆம் நாள் இரவில், ஏறத்தாழ 26 டன் எடையுள்ள விதானம் கீழே சென்ற மோட்டார் வண்டியின்மேல் வீழ, அதிலிருந்த பெண்மணி ஒருவர் உயிர் துறந்தார்.

காரணம் யாது? அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007-இல் அதனை விளக்கிற்று. விரைவில் இறுகும் அவ்வகைப் பசை, சிறிது நேர இழுப்பை நன்கு தாங்கும். இடையறாத பாரத்தின்கீழோ, கண்ணுக்குப் புலனாகாவண்ணம் நாடோறும் ஊர்ந்து நெகிழும். நிமிடக் கணக்கிற் செய்த பரீட்சைக்கு ஆண்டுக் கணக்கில் நிகழும் இந்நெகிழ்ச்சி எங்ஙனம் தெரியும்? பரீட்சை பொய் கூறவில்லை. கேட்ட வினாவிற்கே விடை கூறிற்று. வினாவே தவறியது. ஆகலின், நீடித்த பாரம் தாங்கும் பசையாணிகளுக்கு ஆயிரம் மணி நேரத்திற்குக் குறையாமற் பாரத்தை ஏற்றி நெகிழ்ச்சியை அளக்கும் பரீட்சை பின்னர்த் தரநூல்களில் விதியாயிற்று.

ஆனால், முன்னரே பதித்த ஆணிகளின் கதி யாது? அவற்றை அடிக்கடி அணுகிப் பார்த்தலும், தட்டிக் கேட்டலும், நழுவலை அளத்தலுமே காவலாம். அக்காவல் தளர்ந்தால் நேர்வதை ஜப்பான் தேசம் கண்டது. 1977-இல் திறந்த சசகோ சுரங்கத்தில், 2012 செப்டம்பரில் நடந்த சோதனையின்போது உச்சியிலிருந்த ஆணிகளைத் தட்டிப் பார்த்திலர். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விதானம் 130 மீட்டருக்கு மேற்பட்ட நீளத்திற்கு வீழ்ந்து ஒன்பதின்மர் மாண்டனர்.

'பொறை' என்னும் தமிழ்ச்சொல் பாரத்தையும் பொறுமையையும் ஒருங்கே குறிக்கும். பாரம் தாங்குதல் ஒரு கணத்துச் செயலன்று. நெடுங்காலப் பொறுமையே என்பதனை இச்சொல் நமக்கு உணர்த்துகின்றது. கன்மலைமேலும் மணல்மேலும் கட்டிய வீடுகளைப்பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையிலும், வெயில் நாளில் அவ்விரு வீடுகளும் ஒரு தன்மையவாகவே நின்றிருக்கும் அன்றோ? ஒருநாள் தேறியதனை என்றும் தேறியதாகக் கொள்ளாது, தலைக்குமேல் தொங்கும் பாரத்தை மீண்டும் மீண்டும் சோதித்தறிதலே அதன்கீழ்ச் செல்வோர்க்கு நாம் செய்யும் கடனாகும்.