கொதித்த பிறகு சூடு எங்கே போகிறது?

உலையில் அரிசி போட்டாயிற்று, மறுகொதியும் வந்துவிட்டது. சீக்கிரம் வேகட்டும் என்று அடுப்பை முழுத்தீயிலேயே விட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கத்தால் எவ்வளவு எரிவாயு வீணாகிறது! கொதிக்கும் நீரைப் பற்றிய சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: தீயைக் கூட்டினால் கொதிநீர் இன்னும் சூடாகும்.

உண்மை: கடல்மட்ட ஊர்களில், திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸிலேயே நின்றுவிடும். அதற்குமேல் கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. 30 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 290 கிலோஜூல் போதும். அந்த நீர் முழுவதும் ஆவியாக மேலும் சுமார் 2,250 கிலோஜூல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு! இவ்வளவு வெப்பம் உள்ளே போயும் வெப்பமானி அசையாது. அதனால்தான் இதற்கு ‘உள்ளுறை வெப்பம்’ என்று பெயர். 1760களில் இதை அளந்து காட்டியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜோசப் பிளாக்.

நம்பிக்கை: கொதிநீரில் எழும் குமிழிகள் காற்று.

உண்மை: சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் சுவரில் ஒட்டி நிற்கும் பொடிக் குமிழிகள்தான் காற்று, அது நீரில் கரைந்திருந்தது. தளதளவென்று கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகள் நீராவி. நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடிதான் விடுபடுகிறது. உள்ளுறை வெப்பம் செலவாவது பெரும்பாலும் அந்தப் பிடியை விடுவிக்கத்தான்.

நம்பிக்கை: கொதிநீரும் ஆவியும் 100 டிகிரிதான், இரண்டும் ஒரே மாதிரி சுடும்.

உண்மை: ஆவி தோலில் பட்டு நீராகும்போது, தான் வாங்கி வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை அங்கே இறக்கிவிடுகிறது. எனவே அதே எடையுள்ள கொதிநீரைவிட ஆவி கடுமையாகச் சுடும். குழியில் ஊற்றிய மாவை இட்லியாக்குவதும் இதே வெப்பம்தான். இட்லிப் பானையின் மூடியை உங்களுக்கு எதிர்ப்புறமாக ஆவி போகும்படி சாய்த்துத் திறங்கள்.

நம்பிக்கை: எந்த ஊரிலும் நீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும்.

உண்மை: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; பருப்பு வேக நேரமாகும். பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் நீர் 120 டிகிரியை நெருங்குகிறது. பருப்பு சீக்கிரம் குழைகிறது.

ஆகவே மறுகொதி வந்ததும் அடுப்பைத் தணியுங்கள். கொதி அடங்காமல் இருக்கும் அளவுக்குத் தீ இருந்தால் போதும். சோறு அதே நேரத்தில் வேகும், எரிவாயு மிஞ்சும்.