நடந்தால் வலி, நின்றால் சுகம்

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்து, ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் குழாயும் அடைப்பும் எனக்குப் பழகிய விஷயம். நம் சங்கக் குடும்பங்களின் பெரியவர்களுக்காக இந்தப் பாடம்.

நோயின் அடையாளம்

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும். சில நிமிடம் நின்றால் விட்டுவிடும். ‘வயதாகிவிட்டது’ என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. கால் தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைத்திருக்கலாம். புகையிலையும் சர்க்கரை நோயும் முக்கியக் காரணங்கள்.

எங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தீவைச் சுற்றி மீண்டும் கூடுகிறது. ஒரு கிளை அடைபட்டாலும் மறு கிளையில் நீர் போகும். காலிலும் சிறு கிளைக் குழாய்கள் அப்படித்தான் ஈடுகட்டுகின்றன. உட்கார்ந்திருக்கும்போது அது போதும், நடக்கும்போது போதாது. அதனால்தான் வலி.

சோதனை

கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு எனக் கொள்வர். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் இறுகியிருந்தால் இந்தக் கணக்கு தவறக்கூடும், ஸ்கேன் தேவைப்படும்.

சிகிச்சை

எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. புகையிலையை நிறுத்துவது, மருந்து, தினமும் முறையான நடை ஆகியவற்றால் பலர் தேறுகிறார்கள். படுத்திருக்கும்போதே வலி, ஆறாத புண், கறுக்கும் விரல் என்றால் காலுக்கே ஆபத்து.

அப்போது ஒரு வழி பைபாஸ். நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அடைப்பைத் தாண்டி இணைப்பார்கள். சிரைக்குள் ஒருவழி வால்வுகள் உண்டு. அப்படியே வைத்தால் இரத்தத்தைத் தடுக்கும். 1948-இல் பாரிஸில் ழான் குன்லின் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வெற்றி கண்டார்.

இன்னொரு வழி, குழாய்க்குள்ளேயே பலூன் செலுத்தி விரிப்பது. இதற்கு முன்னோடி அமெரிக்காவின் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரியில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டிக்கு, மெல்லிய குழாய்களைச் செலுத்தித் தொடைத் தமனியை விரித்தார். கால் பிழைத்தது. ஆகவே ‘இந்த வயதில் எதற்கு?’ என்று வீட்டார் தாமே முடிவு செய்ய வேண்டாம். இதயம், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

நினைவில் வைக்க

1. சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்கவும்.
2. கால் திடீரென வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். சில மணி நேரத்தில் கால் போய்விடலாம்.
3. ‘வாஸ்குலர் சர்ஜன்’ என்று கேட்டுப் போகவும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித்துறையே உண்டு.