ஒளிர்ந்தால் மட்டும் போதுமா?

நம்பிக்கை: நுண்ணோக்கியில் உயிருள்ள செல் ஒளிர்கிறது என்றால், மின்மினிபோல அதுவே வெளிச்சம் விடுகிறது.

உண்மை: இல்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் பறக்கும் மின்மினி, தன் உடலிலுள்ள லூசிஃபெரின் என்ற பொருளை ஆக்சிஜனோடு சேர்த்து வெளிச்சத்தை உண்டாக்குகிறது. உள்ளே நடப்பதை அளக்கச் செல்லுக்குள் வைக்கும் ஒளிரும் சென்சாரோ, வெளியிலிருந்து ஒரு நிற ஒளி பட்டால்தான் வேறொரு நிறத்தில் ஒளிரும். சின்னசேலம் கடைத்தெருவிலேயே இதைப் பார்க்கலாம். மஞ்சள்தூளைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கரைத்து, கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கின் கீழே பிடியுங்கள். பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சிடும். விளக்கை அணைத்தால் அதுவும் போய்விடும். (ஸ்பிரிட் தீப்பற்றும்; பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.)

நம்பிக்கை: எங்கே பளிச்சென்று தெரிகிறதோ, அங்கே நாம் அளக்கும் மூலக்கூறு மும்முரமாக வேலை செய்கிறது.

உண்மை: பெரிய வில்லங்கமே இந்த எண்ணம்தான். சென்சார் ஓரிடத்தில் கூடுதலாகக் குவிந்தாலே வெளிச்சம் கூடும். செல் அங்கே தடிமனாக இருந்தாலும் கூடும். அதனால் இரண்டு சாயங்களை வைத்து, அவற்றின் விகிதத்தை அளக்கிறார்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் யமுனா கிருஷ்ணன் குழு உருவாக்கி 2009-இல் வெளியிட்ட ஐ-ஸ்விட்ச் இதற்கு நல்ல சான்று. டிஎன்ஏ இழைகளால் ஆன அந்தக் கருவி, சுற்றிலும் அமிலத்தன்மை ஏறினால் மடங்கிக்கொள்ளும். அப்போது இரு சாயங்களும் சில நானோமீட்டர் இடைவெளிக்கு நெருங்கும். முதல் சாயம் தன் ஆற்றலை இரண்டாவதற்குக் கொடுத்துவிடும். முதலாவது மங்கும், இரண்டாவது துலங்கும். எத்தனை சென்சார் அங்கே இருக்கிறது என்ற கணக்கு விகிதத்தில் அடிபட்டுப்போகும். பழ ஈயின் செல் விழுங்கிய பொருள் உள்ளே போகப் போக அமிலம் ஏறுவதை அவர்கள் கண்டது இப்படித்தான்.

நம்பிக்கை: நல்ல சென்சார் ஒன்று கிடைத்தால் செல் முழுவதையும் அளந்துவிடலாம்.

உண்மை: ஐ-ஸ்விட்ச் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5 முதல் 6.8 வரைதான் சரியாகச் சொல்லும். செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குள் பிஎச் 5-க்கும் கீழே இறங்கும். அதற்கு வேறு சென்சார். கால்சியத்துக்கு இன்னொன்று: அட்சுஷி மியாவாக்கியும் ரோஜர் சியனும் 1997-இல் கொண்டுவந்த கேமிலியன்.

நம்பிக்கை: பார்ப்பதால் செல்லுக்கு ஒன்றும் ஆகாது.

உண்மை: ஆகும். கடும் ஒளி செல்லை வாட்டும், சாயத்தையும் வெளுக்கவைக்கும். கால்சியம் சென்சார் கால்சியத்தைப் பிடித்தே அதை அளக்கிறது. அளவுக்கு மீறிப் போட்டால் செல்லின் கால்சியக் கணக்கே மாறிவிடும். ஆகவே சென்சார் போடாத செல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்புவதில்லை.