உப்பளத்து வீட்டில் தங்கப்போகிறவளுக்கு

அன்புள்ள அம்மு,

உன் கடிதம் கிடைத்தது. நவம்பரில் வந்து இரண்டு மாதம் மரக்காணத்தில் இருக்கப் போகிறாய். காலையில் பக்கத்துக் கழுவேலி ஈரநிலத்தில் பறவை எண்ணுவாய், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவாய். லாட்ஜில் தங்க மாட்டாய், உப்பளத்தில் வேலை செய்கிற குடும்பத்தோடுதான் இருப்பாய். எல்லாம் சரி. மாதத்தை மட்டும் மாற்று.

நவம்பர் ஏன் கேட்கிறாய் என்று தெரிகிறது. வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற காலம். கழுவேலி 2021-இல் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. உனக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனால் பறவைக்கு நல்ல மாதம் உப்பளத்துக்குக் கெட்ட மாதம். வடகிழக்கு மழை பிடித்ததும் பாத்திகள் கரைந்துபோகும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அளத்தில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அந்த மூன்று மாதத்தை ஓட்டத்தான் 2022 முதல் அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு 5,000. கணக்கை நீயே போட்டுக்கொள். அந்த நேரத்தில் டொரோண்டோவிலிருந்து ஒரு பெண் வாசலில் வந்து நின்றால் அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். கடன் வாங்கி மீன் வாங்குவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது இங்கே உப்பளம் எது, ஓடை எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். அப்படி ஒரு ராத்திரியில் வீட்டுக்காரர் தன் பிள்ளைகளைப் பார்ப்பாரா, உன்னைப் பார்ப்பாரா? உன்னைத்தான் முதலில் பார்ப்பார். எனக்கு அதுதான் கவலை.

பொங்கல் கழித்து வா. பூநாரையும் வாத்தும் அப்போதும் இருக்கும். பாத்தியைச் சரிசெய்து மிதிக்கிற வேலை தொடங்கியிருக்கும், வீட்டில் நாலு காசு புழங்கும்.

‘வீட்டில் தங்குவது’ என்பதை நீ லேசாக எழுதியிருக்கிறாய். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார் அல்லவா? தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் என்ன செய்தார் தெரியுமா? நடக்கிறவர்களை மறிப்பதற்கு முன்பே, அவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள், படுக்க இடம் கொடுக்கிறவர்கள் மேல் வழக்கு வரும் என்று அறிவித்துவிட்டார். கெட்டிக்காரர், எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தவர். கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் கைதானார். ஊர் ஜனங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி, போகிற வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். எந்த வீட்டுச் சோறு என்று போலீசுக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பள்ளியவர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. பொட்டலம் கட்டிய கைகளைப் பற்றி என்ன இருக்கிறது? தொண்டர் ஒருவர் வருகிறார் என்றால் செலவும் சிக்கலும் முதலில் விழுவது சோறு போடுகிற வீட்டின் தலையில்.

உன் விஷயத்தில் ஜெயில் இல்லை, படிவம் இருக்கிறது. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரரைத் தங்கவைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைப் பதிய வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. அளத்துக்குப் போய்வருகிற மனுஷர் இதற்காக பிரவுசிங் சென்டரில் நிற்கக் கூடாது. பாஸ்போர்ட், விசா நகல், போட்டோ எல்லாம் முன்கூட்டியே எனக்கு அனுப்பு, நான் கூட இருந்து பதிந்து கொடுக்கிறேன். இன்னொன்று: சுற்றுலா இ-விசாவில் சம்பளமில்லாத தொண்டு என்றாலும் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. உன் இரண்டு மாதத்தை ஒன்றாக்கு, இல்லை வேறு விசா பார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். இந்தக் கரைக்கு விருந்தாளி புதிதில்லை. சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிற பாணனுக்கு வழி சொல்லும்போதே எந்த ஊரில் யார் என்ன கொடுப்பார்கள் என்றும் சொல்லிவிடுகிறது. அதில் வருகிற எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்பார்கள். அங்கே பரதவர் கள்ளும் சுட்ட குழல் மீனும் தருவார்கள். வேலூரில் வேட்டுவர் வீட்டில் புளிச்சோறும் இறைச்சியும் (ஆஸ்பத்திரி இருக்கிற வேலூர் இல்லை இது). ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும். பாணன் வந்துவிட்டான் என்று எயிற்பட்டினத்தில் யாரும் ஆமூர் அரிசி தேடி ஓடவில்லை. கள்ளை விட்டுவிடு, மற்றபடி நீயும் அப்படியே இரு. கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் இருக்கிற நாளில் அதையே சாப்பிடு. முதல் நாளே ‘எனக்காகத் தனியா எதுவும் செய்யாதீங்க’ என்று மூன்று தடவை சொல்லு. இரண்டு தடவை சொன்னால் மரியாதைக்குச் சொல்கிறாய் என்று நினைப்பார்கள்.

தண்ணீரில்தான் நீ நிஜமாகவே தடுமாறுவாய். கடலோரத்தில் நிலத்தடி நீர் கரிக்கும். நல்ல தண்ணீர் தெருக்குழாயில் வருகிற நேரத்தில் குடம் வைத்துப் பிடித்ததுதான். உன் ஊரில் ஒரு குளியலுக்குச் செலவாகிற தண்ணீரில் இங்கே ஒரு வீடு ஒரு நாள் சமைத்து, குடித்து, பாத்திரமும் கழுவிவிடும். எந்தக் குடம் குடிக்க, எந்தத் தொட்டி குளிக்க என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மொள்ளு.

அளத்து ஜனம் விடியுமுன்னே எழும். வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற ஒளி கண்ணைப் பறிக்கும் என்பதால் மூன்று, நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். நீ ராத்திரி பத்து மணிக்கு மேல் கனடாவுக்கு வீடியோ கால் பேசினால் அடுத்த நாள் அந்த வீட்டு அக்கா தூக்கம் கெட்டு உப்புக் கூடை சுமப்பார். அவர்களோடு ஒரு நாள் போய்ப் பார். கடல் தண்ணீர், உப்புச் செறிவை அளக்கிற போமே மீட்டரில் 3 சொச்சம் காட்டும். வெயிலில் காய்ந்து காய்ந்து 25-ஐ எட்டினால்தான் உப்பு பூக்கும். 30 நெருங்கினால் கசப்பு, அந்த நீரை வடித்துவிட வேண்டும். பழகினவர்கள் மீட்டர் பார்க்காமலே நீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பலகையால் வாரும்போது அடிமண் கிளம்பாமல் மேலாக இழுக்க வேண்டும், அந்தக் கைப்பக்குவம் லேசில் வராது. வரப்பில் மட்டும் நட. போட்டோவுக்காகப் பாத்திக்குள் கால் வைத்தால் உப்பில் சேறு கலங்கும், விலை போகாது. அந்த நஷ்டத்தை யாரும் உன்னிடம் சொல்லவும் மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். உப்பளத்துக்காரர் கால் சிதையில் வேகாது என்று ஒரு பேச்சு உண்டு. வருகிறவர்களெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு அதைத்தான் கேட்கிறார்கள். நீ கேட்காதே. வெடித்த காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிற மனுஷரிடம் அவர் சாவைப் பற்றிக் கேட்பது என்ன ஆராய்ச்சி?

பணத்தை அக்கா கையில் கொடு, அண்ணன் கையில் வேண்டாம். மரக்காணத்தில் அறை எடுத்து மெஸ்ஸில் சாப்பிட்டால் ஒரு மாதத்துக்கு என்ன ஆகுமோ அதை முதல் நாளே கொடுத்துவிடு. வேண்டாம் என்பார், ‘அத்தை கொடுத்தனுப்பினாங்க’ என்று சொல், வாங்கிக்கொள்வார். பிள்ளைகளிடம் மட்டும் ‘உன்னைப் படிக்க வைக்கிறேன், கனடாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்று வாய் தவறியும் சொல்லிவிடாதே. அவர்கள் நம்பிவிடுவார்கள்; நீ ஊருக்குப் போன பிறகும் தாயிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

தேதி முடிவானதும் எழுது. அந்த அக்காவிடம் போன வாரம் பேசினேன். உனக்குக் கருவாட்டு வாசனை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
அத்தை